கம்ப்யூட்டர் சத்தமும் மின் சேமிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பீக்கரில் 'டொப்', ஹெட்போனில் 'கீச்', தூங்கி எழுந்த லேப்டாப்பில் சத்தமே காணோம். எது நடந்தாலும் முதலில் பழி விழுவது ஸ்பீக்கர் மேல், அடுத்து டிரைவர் மேல். புது ஸ்பீக்கர் வாங்கி வந்த பிறகும் அதே சத்தம் வரும்போதுதான் சந்தேகம் வருகிறது. இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றின் வேர் மின்சாரத்தில்தான் இருக்கிறது: எந்தச் சிப் எப்போது தூங்கப் போகிறது, எர்த் எங்கே போகிறது, சார்ஜர் என்ன செய்கிறது. காசு செலவழிக்கும் முன் இதைப் படித்துப் பாருங்கள்.

பாட்டு நின்று சில நொடி கழித்து ஸ்பீக்கரில் 'டொப்' என்று ஒரு சத்தம் வருகிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?

இல்லை. ஒலிச் சிப் தூங்கப் போகிறது, அந்தச் சத்தம்தான் அது.

மதர்போர்டில் ஆடியோ ஜாக்குகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுரச் சிப் இருக்கும். பெரும்பாலும் ரியல்டெக் தயாரிப்பு, மேலே ஏஎல்சி என்று தொடங்கும் எண் இருக்கும். இதைத்தான் கோடெக் என்கிறோம். 1997-ல் வந்த ஏசி 97 முறைக்குப் பதிலாக 2004-ல் இன்டெல் கொண்டுவந்த எச்டி ஆடியோ முறையில் இது வேலை செய்கிறது. அந்த முறையில் கோடெக்கையும், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகத் தூங்க வைக்கலாம். விழித்திருக்கும் நிலைக்கு டி0 என்றும் ஆழ்ந்த தூக்கத்துக்கு டி3 என்றும் பெயர். இந்தப் பெயர்கள் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-ல் வெளியிட்ட ஏசிபிஐ என்ற மின் மேலாண்மை விதிகளில் இருந்து வந்தவை.

சரி, தூங்கினால் ஏன் சத்தம் வரவேண்டும்? கோடெக்கின் அனலாக் பகுதிக்கு 5 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி அலை மேலும் கீழும் ஆட இடம் வேண்டும் என்பதால், வெளியீட்டு முனை சும்மா இருக்கும்போதும் பாதி அளவில், அதாவது சுமார் 2.5 வோல்ட்டில் நிற்கும். இந்த நிலை மின்னழுத்தம் ஸ்பீக்கருக்குப் போய்விடக் கூடாது என்று நடுவில் ஒரு கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். கோடெக் டி3-க்குப் போனதும் அந்த 2.5 வோல்ட் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. கெபாசிட்டர் நிலையான மின்னழுத்தத்தைத் தடுக்கும், ஆனால் மாற்றத்தைக் கடத்திவிடும். அந்த ஒரு விழுகை அப்படியே ஒலியைப் பெருக்கும் ஆம்ப்புக்குப் போய், அங்கே பெருகி, ஸ்பீக்கரின் கூம்பை ஒரு முறை உதைக்கிறது. மறுபடி பாட்டு போடும்போது மின்னழுத்தம் ஏறுவதால் இன்னொரு 'டொப்'.

கெபாசிட்டர் 100 மைக்ரோஃபாரட், ஸ்பீக்கரின் உள்ளீட்டுத் தடை 10 கிலோ ஓம் என்றால், அது அமைதியாவதற்கான கால அளவு 1 நொடி. அதனால்தான் கூர்மையான 'டிக்' ஆக இல்லாமல் கனமான உதையாகக் கேட்கிறது. மெதுவாக இறக்கி ஏற்றும் சுற்று இருக்கும் போர்டுகளில் இது கேட்கவே கேட்காது. பூஜ்யத்தையே நடுவாக வைத்து, எதிர் மின்னழுத்தத்தையும் தானே உண்டாக்கிக்கொள்ளும் புதுவகை ஹெட்போன் வெளியீடுகளில் இந்தக் கெபாசிட்டரே தேவைப்படாது.

இதை எப்படி நிறுத்துவது?

கோடெக்கைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

லினக்ஸில் இன்டெல் எச்டி ஆடியோ டிரைவருக்கு 'பவர் சேவ்' என்று ஓர் அளவுரு இருக்கிறது. அதில் இருக்கும் எண், எத்தனை நொடி சும்மா இருந்தால் தூங்கலாம் என்பது. பூஜ்யம் கொடுத்தால் தூக்கம் கிடையாது. டிரைவருக்கான மாட்யூல் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் தானாக அமலாகும். டிஎல்பி போன்ற பேட்டரி சேமிப்பு நிரல் வைத்திருப்பவர்கள் அதன் அமைப்புக் கோப்பில்தான் மாற்ற வேண்டும். இல்லையென்றால் நீங்கள் எழுதியதை அது திரும்ப மாற்றிவிடும். பவர்டாப் என்ற மின் சேமிப்பு நிரலில் 'ஆட்டோ ட்யூன்' கொடுத்தவர்களுக்கும் இதேதான்: அது கேட்காமலே எல்லாவற்றையும் தூங்க வைக்கும்.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று. லினக்ஸில் தூக்கம் இரண்டு படிகளில் நடக்கிறது. பாட்டு நின்றதும் முதலில் நிரல்களின் ஒலியை டிரைவருக்கு அனுப்பும் ஒலி சர்வர், அதாவது பைப்வயரோ பல்ஸ்ஆடியோவோ, 5 நொடி பார்த்துவிட்டு ஒலிச் சாதனத்தை மூடும். அதற்குப் பிறகுதான் டிரைவரின் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆகவே பாட்டு நின்று எத்தனை நொடியில் 'டொப்' வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 6 நொடி என்றால் டிரைவரின் எண் 1. 15 நொடி என்றால் 10. சரியாக 5-ல் வந்தால், டிரைவர் அளவுருவை விட்டுவிட்டு ஒலி சர்வரின் அமைப்பைப் பாருங்கள்.

விண்டோஸில் கொஞ்சம் சுற்றுவழி. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒலி டிரைவருக்கு உரிய கிளைக்குள் 'பவர் செட்டிங்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் 'பெர்ஃபாமன்ஸ் ஐடில் டைம்' என்பது சார்ஜரில் இருக்கும்போதான காத்திருப்பு நொடி. 'கன்சர்வேஷன் ஐடில் டைம்' பேட்டரியில் இருக்கும்போதானது. இரண்டையும் பூஜ்யமாக்கி மறுதொடக்கம் செய்தால் தூக்கம் நிற்கும். ரெஜிஸ்ட்ரியைத் தொடும் முன் அந்தப் பகுதியை மட்டும் ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் புதுப்பித்தால் பழைய எண்கள் திரும்பி வரக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்படி நிறுத்திவிட்டால் பேட்டரி சீக்கிரம் காலியாகாதா?

மேசைக் கம்ப்யூட்டரில் இதை யோசிக்கவே வேண்டாம், தாராளமாக நிறுத்துங்கள். லேப்டாப்பில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். கோடெக் குடிக்கும் மின்சாரம் சொற்பம்தான். ஆனால் அது விழித்திருந்தால் அதோடு பேசும் கன்ட்ரோலரும் விழித்திருக்கிறது. கன்ட்ரோலர் விழித்திருந்தால் புராசசரின் மற்ற பகுதிகள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக முடிவதில்லை. கணக்கு அங்கேதான் ஏறுகிறது.

2018-ல் வந்த ஃபெடோரா 28 என்ற லினக்ஸ் வெளியீட்டில் லேப்டாப் பேட்டரி நேரத்தைக் கூட்டுவதற்காக இந்தக் கோடெக் தூக்கத்தை இயல்பாகவே இயக்கி வைத்தார்கள். உடனே சில மாடல்களில் 'டிக் டிக்' என்று புகார்கள் வந்தன. அதற்காக லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஒரு விலக்குப் பட்டியல் சேர்க்கப்பட்டது. அதில் இருக்கும் மாடல்களில் மட்டும் தூக்கம் கிடையாது. எனக்கு இந்த அணுகுமுறை பிடிக்கும், எல்லாருக்கும் சேமிப்பு, தொல்லை தரும் போர்டுக்கு மட்டும் விலக்கு. உங்கள் லேப்டாப்பில் 'டொப்' கேட்கவில்லை என்றால் தூக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். கேட்டால், சார்ஜரில் இருக்கும்போது மட்டும் நிறுத்துங்கள்.

எந்த வீடியோவைப் போட்டாலும் முதல் சொல் கேட்பதில்லை. 'வணக்கம்' என்பது 'க்கம்' ஆகிறது.

எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கோ, ஆப்டிகல் வயர் வழியாக ஆம்ப்புக்கோ சத்தம் போகிறதா? அப்படியானால் இதுவும் அதே தூக்கம்தான். அனலாக் ஜாக்கில் 'டொப்' ஆக வருவது டிஜிட்டலில் விழுங்கலாக வருகிறது. சிக்னல் நின்றதும் அந்தப் பக்கத்துக் கருவி பிடியை விட்டுவிடும். மறுபடி வரும்போது சிக்னலின் கடிகாரத் துடிப்பைப் பிடித்து ஒத்துப்போக அரை நொடியோ ஒரு நொடியோ ஆகும். அதற்குள் முதல் சொல் போய்விடும்.

மேலே சொன்ன நிறுத்தமே இதற்கும் மருந்து. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எச்டிஎம்ஐ ஒலியைத் தருவது மதர்போர்டு கோடெக் இல்லை, கிராபிக்ஸ் சிப். ஆகவே விண்டோஸில் அந்த டிரைவரின் கிளையில் மாற்ற வேண்டும். அது முடியாவிட்டால், காதுக்குக் கேட்காத வெற்று ஒலியை இடைவிடாமல் அனுப்பும் சிறு நிரல்கள் கிடைக்கின்றன, அவையும் வேலை செய்யும்.

சார்ஜர் செருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். பிடுங்கினால் நின்றுவிடுகிறது.

நம் ஊர் வீடுகளில் அதிகம் பார்க்கும் கோளாறு இது. காரணம் எர்த்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை எர்த் இரண்டு வழியில் வருவது. லேப்டாப்பின் மூன்று பின் சார்ஜர் ஒரு சுவர் பாயின்டில், ஸ்பீக்கரோ ஆம்ப்போ அறையின் மறுபக்கத்தில் வேறொரு பாயின்டில். இரண்டின் எர்த்தும் எங்கோ சேர்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். ஆடியோ வயரின் மேல்வலை அந்த இரண்டையும் இணைத்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. அதில் ஓடும் மின்னோட்டம்தான் உங்களுக்குக் கேட்கும் உறுமல். டிவியும் கேபிள் வயரும் சேர்ந்தால் இன்னும் மோசம், அந்த வயர் தன் பங்குக்கு வேறோர் எர்த்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

இரண்டாவது வகை எர்த்தே இல்லாதது. மூன்று ஓட்டை உள்ள பாயின்டு இருக்கும், பின்னால் எர்த் வயர் இணைக்கப்பட்டிருக்காது. பவர் சப்ளைகளுக்குள் உயர்மின்னழுத்தப் பக்கத்தின் இரைச்சலை வடிகட்ட ஒய் கெபாசிட்டர் என்று ஒன்று வைப்பார்கள். மேசைக் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்-ல் ஃபேஸுக்கும் பாடிக்கும் நடுவே ஒன்று, நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவே ஒன்று இருக்கும். எர்த் சரியாக இருந்தால் இவற்றின் வழியாகக் கசிவது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் இரண்டும் சமமாக இழுத்து, பாடி பாதி மின்னழுத்தத்தில் நிற்கும். 230 வோல்ட்டில் பாதி சுமார் 115. டெஸ்டரை வைத்தால் எரியும். வெறுங்காலில் நின்று கேபினட்டைத் தொட்டால் 'சுருசுரு' என்று இழுக்கும். லேப்டாப்பின் உலோக மூடியைத் தடவும்போது வரும் நடுக்கம் போன்ற உணர்வும் இதுதான். இரண்டு பின் சார்ஜரில் இந்தக் கசிவு கால் மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஆளுக்கு ஆபத்தில்லாத அளவு, ஆனால் ஆடியோ வயர் வழியாக ஆம்ப்புக்குப் போனால் நன்றாகக் கேட்கும்.

எது உங்கள் வகை என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் லேப்டாப்பைப் பேட்டரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றால் எர்த் விஷயம்தான். பிறகு லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். இதில் நின்றால் அது முதல் வகை, வேலையும் முடிந்தது. நிற்காவிட்டால் மின்பணியாளரை அழைத்து அந்தப் பாயின்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல ஹெட்போன் விலைகூட வராது. அதோடு வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கும் பாதுகாப்பு.

எர்த் சரியாக இருந்தும் உறுமல் நிற்கவில்லையா? அப்போது 3.5 மி.மீ. ஜாக்கில் மாட்டும் ஐசொலேட்டர் வாங்கலாம். உள்ளே இருப்பது இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள். உறுமலை நிறுத்திவிடும், மலிவானவை பேஸைக் கொஞ்சம் குறைக்கும். ஆம்ப்பில் ஆப்டிகல் உள்ளீடு இருந்தால் அதுவே முழுத் தீர்வு, ஒளிக்கு எர்த் கிடையாது.

சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் சத்தம் நிற்கிறது என்கிறார்களே?

நிற்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே இன்சுலேஷன் பழுதாகும் ஒரு நாளில் அந்தப் பின் மட்டும்தான் உங்களைக் காப்பாற்றும்.

உறுமல் ஸ்பீக்கரிலிருந்தே வருகிறதா, கம்ப்யூட்டரிலிருந்து வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்பீக்கரின் பின்னால் ஆடியோ வயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். அப்படியும் உறுமினால், வால்யூமைத் திருப்பினாலும் கூடாமல் குறையாமல் இருந்தால், ஸ்பீக்கரின் சொந்த பவர் சப்ளையில் இருக்கும் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது. காதுக்கும் வித்தியாசம் தெரியும்: எர்த் வளையத்தில் வருவது 50 ஹெர்ட்ஸ், ஆழமான ஒலி. காய்ந்த கெபாசிட்டரால் வருவது 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கரகரப்பாக இருக்கும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்ததும் ஸ்பீக்கர் கத்துகிறது.

இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா, ஸ்கொயர் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என்று மேல் அலைகளும் சேர்ந்து வரும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்பீக்கர்கள் அதைத் தாங்காமல் ரீங்கரிக்கும். கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை.

மவுஸை நகர்த்தினாலோ பக்கத்தை உருட்டினாலோ ஹெட்போனில் 'கீச் கீச்' என்கிறது.

திரையில் ஏதாவது மாறும்போது புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுக்கும் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் போர்டின் பொது கிரவுண்டில் ஏறி, ஒலிப் பகுதிக்குள் நுழைகிறது. நல்ல மதர்போர்டுகளில் ஒலிப் பகுதியைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடுவதைப் பார்க்கலாம். அந்தக் கோட்டில் கிரவுண்டுத் தகட்டை வெட்டிப் பிரித்திருப்பார்கள். ஒலிப் பகுதிக்குத் தனி ரெகுலேட்டரும் இருக்கும்.

கேபினட்டின் முன்பக்க ஜாக்கில்தான் சத்தம், பின்பக்க ஜாக்கில் இல்லை என்றால் போர்டைக் குறை சொல்லாதீர்கள். முன்பக்கத்துக்குப் போகும் வயர் பெரும்பாலும் மேல்வலை இல்லாத வயர், கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் நீண்டு கிடக்கும். அதை எடுத்துக் கேபினட்டின் ஓரமாக விட்டாலே பாதி சத்தம் போய்விடும்.

ஹெட்போன் மாட்டவே இல்லை. லேப்டாப்பே மெல்லிசாகக் கீச்சிடுகிறது.

இது ஒலிச் சுற்றே இல்லை. போர்டில் இருக்கும் காயில்களும், மின்னழுத்தம் மாறும்போது நுண்ணளவில் சுருங்கி விரியும் செராமிக் கெபாசிட்டர்களும் எழுப்பும் சத்தம். புராசசர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை தூங்கி எழுந்தால், அந்தத் தாளம் காதுக்கு எட்டும் அலைவரிசையில் விழுகிறது. அதனால்தான் சும்மா இருக்கும்போது கீச்சிட்டு, கனமான வேலை கொடுத்ததும் அடங்குகிறது. பயாஸில் சி-நிலைகள் எனப்படும் புராசசரின் தூக்க நிலைகளில் ஆழ்ந்தவற்றை நிறுத்தினால் சத்தம் குறையும். ஆனால் சூடும் பேட்டரிச் செலவும் கூடும், நான் பரிந்துரைக்க மாட்டேன். பாகங்களுக்கு இதனால் கெடுதல் இல்லை. உத்தரவாதக் காலத்தில் இருந்து, சத்தமும் தாங்க முடியவில்லை என்றால் மாற்றித் தரக் கேளுங்கள்.

யுஎஸ்பி டாக் வாங்கினால் எல்லாம் தீருமா?

டாக் (DAC) என்பது டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் வெளிக் கருவி. கீச் தீர வாய்ப்பு அதிகம், எர்த் உறுமல் தீராது. யுஎஸ்பி வயரிலும் கிரவுண்டு இருக்கிறது, வளையம் அதன் வழியாகவும் ஓடும். அப்புறம், மட்டமான டாக்கில் புதிதாக ஒரு சீரான விசில் சேரலாம். யுஎஸ்பி ஃபுல் ஸ்பீடில் தரவு ஒரு மில்லி நொடிக்கு ஒரு கட்டாகப் போகிறது, அது 1 கிலோஹெர்ட்ஸ். ஹை ஸ்பீடில் 125 மைக்ரோ நொடிக்கு ஒன்று, அது 8 கிலோஹெர்ட்ஸ். இரண்டுமே காதுக்கு நன்றாகக் கேட்கும் இடங்கள். டாக்கின் உள்ளே 5 வோல்ட்டைச் சரியாக வடிகட்டாவிட்டால் இந்த விசில் ஹெட்போனுக்கு வந்துவிடும்.

டாக் இடையிடையே காணாமல் போனால் விண்டோஸின் பவர் ஆப்ஷனில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்திப் பாருங்கள்.

பாட்டு விக்கி விக்கி ஓடுகிறது. இதுவும் மின் சேமிப்பா?

சில நேரம் மட்டும். புராசசர் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ ஆகும் நேரம் மைக்ரோ நொடிக் கணக்கு. சாதாரணமாகப் பாட்டுக் கேட்க 10 மில்லி நொடி அளவுக்கு ஒலி முன்கூட்டியே சேர்த்து வைக்கப்படும், 48 கிலோஹெர்ட்ஸில் 480 ஒலி மாதிரிகள் (சாம்பிள்). அதில் இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. ஆனால் இசை பதிவு செய்கிறவர்கள் 64 மாதிரிகளில் ஓட்டுவார்கள், அது 1.3 மில்லி நொடிதான். அவர்களுக்கு விண்டோஸின் 'ஹை பெர்ஃபாமன்ஸ்' மின் திட்டம் உண்மையிலேயே உதவும்.

மற்றவர்களுக்கு விக்கலின் காரணம் பெரும்பாலும் வேறொரு டிரைவர் புராசசரைப் பிடித்து வைத்துக்கொள்வது. விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற இலவச நிரலைச் சில நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் என்று காட்டிவிடும். வைஃபை டிரைவர் அடிக்கடி மாட்டும். ஏசிபிஐ என்று காட்டினால், முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள்.

கம்ப்யூட்டர் தானாகத் தூங்கவே மாட்டேன் என்கிறது.

விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் சாளரத்தைத் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையை 'ரிக்வெஸ்ட்ஸ்' என்ற தேர்வோடு ஓட்டுங்கள். ஆடியோ ஓட்டம் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொன்னால், ஏதோ ஒரு நிரல் ஒலியைத் திறந்துவிட்டு மூடாமல் வைத்திருக்கிறது. பிரவுசரில் மறந்துபோன ஒரு டேப் ஆக இருக்கலாம், மைக்கைப் பிடித்திருக்கும் மீட்டிங் நிரலாகவும் இருக்கலாம். முதல் சொல் விழுங்கலுக்காக வெற்று ஒலி நிரல் போட்டவர்கள் அதையும் சந்தேகப்படுங்கள்.

தூங்கி எழுந்த பிறகு சத்தமே இல்லை. வால்யூம் பட்டை மட்டும் ஆடுகிறது.

பட்டை ஆடுகிறது என்றால் மென்பொருள் தன் வேலையைச் செய்கிறது. கோடெக்குக்கு அப்பால் இருக்கும் ஆம்ப் எழவில்லை. பழைய வடிவமைப்பில் கோடெக்கின் ஒரு முனை ஆம்ப்பை எழுப்பும், தூங்க வைக்கும். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் ஸ்பீக்கருக்கு ஒன்றாகத் தனி ஸ்மார்ட் ஆம்ப் சிப்கள் இருக்கின்றன. சிரஸ் லாஜிக், டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிப்புகளை அதிகம் பார்க்கலாம். இவற்றுக்கு எழுந்ததும் அமைப்புகளைத் திரும்ப ஏற்ற வேண்டும், அந்த வேலை தவறினால் மௌனம்தான். ஹெட்போனில் சத்தம் வந்து ஸ்பீக்கரில் வராமல் இருப்பது இதற்கு நல்ல அடையாளம்.

விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி போட்டுப் பார்த்தேன், சரியாகவில்லை என்பவர்கள் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியால், ஷட் டவுனில் கெர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வருகிறது. ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் நடக்கும்: விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வந்தால், விண்டோஸ் விட்டுப்போன நிலையிலேயே கோடெக் நின்று மௌனமாக இருக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிட்டு, முழுவதுமாக அணைத்து, சார்ஜரையும் பிடுங்கி, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள்.

ஸ்பீக்கரை முதலில் போடவேண்டுமா, கம்ப்யூட்டரை முதலில் போடவேண்டுமா?

கம்ப்யூட்டரை முதலில் போட்டு, ஸ்பீக்கரைக் கடைசியாகப் போடுங்கள். அணைக்கும்போது ஸ்பீக்கரை முதலில் அணையுங்கள். கோடெக்கின் மின்னழுத்தம் ஏறி இறங்கும் நேரத்தில் ஆம்ப் அணைந்திருந்தால் உதை கூம்புக்குப் போகாது.